பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்: துணிப் பட்டியல் கேள்வி பதில்

சேலம் அம்மாபேட்டையில் எனக்குத் தையல் கடை. வாங்க நினைக்கும் துணியை முதலில் ஒரு நோட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் கடைக்குப் போவேன். பன்னிரண்டு வருடப் பழக்கம். தைக்க வருகிறவர்கள் அந்த நோட்டைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினார்கள். ஆடி நெருங்குவதால் இப்போது கேள்விகள் கூடிவிட்டன.

கேள்வி: அக்கா, ஆசைப்பட்டதையெல்லாம் எழுதி வைத்தால் ஆசை கூடத்தானே செய்யும்? (அழகாபுரம்)

பதில்: துணியின் பெயரை மட்டும் எழுதினால் கூடும். நான் ஒரு வரியில் நான்கு விஷயம் எழுதுகிறேன்: எழுதும் தேதி, என்ன துணி, பீரோவில் இருக்கும் எதோடு போடுவேன், எந்த நாளில் போடுவேன். மூன்றாவதில்தான் பேனா நின்றுவிடும். போன வருடம் மாம்பழ மஞ்சளில் ஒரு குர்தி மேல் உயிராக இருந்தேன். எழுத உட்கார்ந்தால், அதற்குப் பொருந்தும் பேன்ட்டும் இல்லை, துப்பட்டாவும் இல்லை. ஒன்று வாங்கப் போய் மூன்றாகியிருக்கும். அடித்துவிட்டேன்.

எழுதி முப்பது நாள் ஆகாமல் எதையும் வாங்குவதில்லை. பள்ளிச் சீருடை, கிழிந்துபோன உள்ளாடை இரண்டுக்கும் இந்தக் கணக்கு கிடையாது. போன வருடம் 23 எழுதினேன், வாங்கியது 9. மற்றவை, மறுபடி படிக்கும்போது எனக்கே வேண்டாம் என்று தோன்றியவை.

கேள்வி: நோட்டு எதற்கு? போன் ஆப்பிலேயே விஷ் லிஸ்ட் இருக்கிறதே. (ஐந்து ரோடு)

பதில்: அது கடைக்காரரின் நோட்டு. நீங்கள் இதயக்குறியைத் தொட்டு வைத்த சுடிதாருக்கு விலை குறைந்தால் செய்தி வரும், 'இன்னும் 2 தான் மிச்சம்' என்று வரும். முப்பது நாளில் தானாக மறக்க வேண்டியதை அது மறக்க விடாது. போனில்தான் எழுதுவேன் என்றால், ஆப்புக்கு வெளியே குறிப்பாக எழுதிக்கொள்ளுங்கள். ஆப்பில் சேமித்த கார்டு எண்ணையும் நீக்கிவிடுங்கள். பார்சல் வந்தபின் பணம் கொடுக்கும் முறையில் இன்னும் கவனம் வேண்டும். ஆர்டர் போடும்போது காசு கையில்தான் இருக்கிறது, அதனால் செலவு செய்ததாகவே தோன்றாது.

கேள்வி: பக்கத்து ஊர் இளம்பிள்ளையில் நெய்கிற புடவை வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகிறது. 450 ரூபாய்க்கு அவ்வளவு அழகாக இருக்கும்போது விட மனசு வரவில்லை அக்கா. (தாரமங்கலம்)

பதில்: எனக்கும் வராது. நம் ஊர்த் தறியில் ஓடி வருகிற புடவை, கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் அது 450 ரூபாய் இல்லை. என் கடைக் கணக்கையே சொல்கிறேன். ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிக்க 120, லைனிங் பிளவுஸ் தைக்க 350, லைனிங் துணி 80, நிறத்துக்கு ஏற்ற உள்பாவாடை 200. கட்டிக்கொண்டு வாசல் தாண்டும்போது 1200 ரூபாய். பட்டியலில் இந்த விலையைத்தான் எழுத வேண்டும்.

புடவை வாங்கிய வேகத்தில் பிளவுஸ் தைக்க யாரும் வருவதில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து, பையோடு எட்டுப் பத்து பிளவுஸ் துணியைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். சிலவற்றில் மடிப்போடு சாயமே மங்கியிருக்கும். பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அதனால் பட்டியலில் முதலில் பிளவுஸை எழுதுங்கள். அரக்கு, கறுப்பு, பாட்டில் பச்சை, தங்க நிறம் என்று நான்கு நல்ல பிளவுஸ் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். புடவைப் படம் வந்ததும் இந்த நான்கில் ஒன்றோடு சேருமா என்று பாருங்கள். சேராவிட்டால் விட்டுவிடலாம்.

அசல் பட்டு என்று எழுதி வைத்திருந்தால், சுத்தமான பட்டு என்று காட்டும் சில்க் மார்க் முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் முந்தானை ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்திப் பாருங்கள். பட்டு முடி கருகுவது போல மணக்கும், சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும்.

கேள்வி: கண்ணு, ஆடித் தள்ளுபடியை விட்டால் அந்த விலைக்குக் கிடைக்குமா? (குகை)

பதில்: அம்மா, ஆனி முடிவதற்குள் பட்டியலை எழுதி, அன்றைய விலையையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள். ஆடியில் அதே துணியைப் பார்க்கும்போது உண்மையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆடி பிறந்தபின் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் போய்விட்டு வருகிற வழியில் கடைவீதிக்குள் நுழைந்தால், அந்தக் கூட்டமே கையைப் பிடித்து இழுக்கும். அன்றைக்கு அம்மனை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், துணிக்கு வேறு நாள் போகலாம். கல்யாணப் பட்டு என்றால் அவசரமே வேண்டாம், கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறார்கள்.

கேள்வி: வேலை ஏற்காட்டில், வீடு சேலத்தில். இரண்டு ஊருக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியிருக்கிறது. (செவ்வாய்ப்பேட்டை)

பதில்: தனித்தனியாக வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் குளிர்தான், ஆனால் உள்ளே போடுவது சேலத்துப் பருத்தியாகவே இருக்கலாம். மேலே போட நல்ல ஸ்வெட்டர் ஒன்றும், மழைக்கு ஜாக்கெட் ஒன்றும் எழுதுங்கள். மலையில் பெரிய தொல்லை துணி காயாததுதான். பனிமூட்ட நாளில் கனமான ஜீன்ஸ் இரண்டு நாளானாலும் ஈரமாகவே இருக்கும். அங்கே தங்குகிற நாட்களுக்கு மெல்லிய பேன்ட், கூடுதலாக நான்கு ஜோடி சாக்ஸ், உள்ளாடை என்று பட்டியலை மாற்றுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு இந்தப் பட்டியல் தேவையா? (ஓமலூர்)

பதில்: தேவைதான் தம்பி. பீரோவில் எத்தனை வெள்ளைச் சட்டை, அதில் எத்தனைக்குக் காலர் பழுத்திருக்கிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். வெண்பட்டு வேட்டி நல்லதாக ஒன்று இருந்தால் போதும்.

கேள்வி: பட்டியல் வைத்திருந்தும் போன வாரம் ஆசையில் ஒரு சுடிதார் செட் வாங்கிவிட்டேன். தப்பு செய்தது போல இருக்கிறது. (அஸ்தம்பட்டி)

பதில்: அதையும் நோட்டில் எழுதுங்கள், வாங்கிய தேதியோடு. எழுதாமல் விட்டால்தான் நோட்டு மேலேயே வெறுப்பு வரும். துணியில் தொங்கும் விலைச் சீட்டைக் கிழிக்காமல், பில்லைப் பத்திரமாக வைத்து, பீரோவுக்கு வெளியே கண்ணில் படும்படி மாட்டி வையுங்கள். மாற்றிக்கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லிலேயே பாருங்கள். அதற்குள் இரண்டு தடவையாவது போட்டுப் பார்க்கத் தோன்றாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உடனே கை பிடிக்க, உயரம் குறைக்க என்று என்னிடம் கொண்டுவராதீர்கள். கத்தரி பட்டபின் எந்தக் கடையிலும் திரும்ப வாங்க மாட்டார்கள். புதுத் துணியோடு யார் வந்தாலும், "இன்றைக்கே வெட்டட்டுமா, இரண்டு நாள் போகட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நான் அளவு நாடாவையே எடுக்கிறேன்.