அந்தக் கதவை ஏன் சாத்தினீர்கள்?

கேள்வி: 9 வயதில் மகன், 6 வயதில் மகள். சென்னையில் இருக்கிறோம். கணவரின் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். கிறிஸ்துமஸ் என்றாலே கேக், புது டிரஸ், மால் என்று ஆகிவிட்டது. ஐஸ்லாந்தில் 24-ஆம் தேதி இரவு எல்லோரும் புத்தகம் பரிசளித்துப் படிப்பார்களாம். அது பிடித்துப்போய், போன டிசம்பரில் ஆங்கிலப் படக்கதைப் புத்தகங்கள் 24 வாங்கினேன். கணவரும் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தார். தினம் ஒன்றாகப் பிரிக்க கலர் பேப்பரில் சுற்றி வைத்தேன். பத்து நாள்தான் ஆர்வம். அப்புறம் பிரிக்கிறார்கள், புரட்டுகிறார்கள், சோபாவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். தொந்தரவு இருக்கக் கூடாதென்று டிவியை அணைத்துவிடுவேன். சத்தம் போட்டு பைபிள் வாசிக்கும் அத்தையின் (கணவரின் அம்மா) அறைக் கதவைக்கூடச் சாத்திவிடுவேன். பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. இந்த வருஷம் எந்தப் புத்தகங்கள் வாங்கலாம்? பட்டியல் தாருங்கள்.
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: பட்டியல் கிடையாது. சுற்றிய பேப்பரோடு ஏற்கெனவே 24 கிடக்கிறதே, அது போதாதா?

எனக்கு அந்தக் கதவைப் பற்றித்தான் பேச வேண்டும். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், டிவியை அணைத்ததோடு சேர்த்து. உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்துப் பார்த்தேன். நீங்கள் புத்தகம் வாங்குகிறீர்கள், சுற்றுகிறீர்கள், பிள்ளைகள் படிக்கிறார்களா என்று கண்காணிக்கிறீர்கள். நீங்கள் படித்ததாக ஒரு வரி இல்லை. உங்கள் கணவர் பணம் கொடுக்கிற இடத்தில் மட்டும் வருகிறார். அந்த வீட்டில் தினமும் புத்தகத்தைக் கையில் எடுக்கிற பெரியவர் ஒரே ஒருவர்தான். அவர் அறையைச் சாத்திவிட்டு, பிள்ளைகளுக்குப் படிக்கும் பழக்கம் வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஐஸ்லாந்து விஷயத்திலும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே இறக்குமதிச் சாமான்களுக்குக் கடும் கட்டுப்பாடு. காகிதத்துக்கு அவ்வளவு இல்லை. பரிசு கொடுப்பதற்குப் புத்தகம்தான் கைக்கு அகப்பட்டது. 1944 முதல், அந்த வருஷம் வெளிவரும் புத்தகங்களின் பட்டியலை அச்சிட்டு வீடுவீடாக அனுப்பத் தொடங்கினார்கள். நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அங்கே 24-ஆம் தேதி சாயங்காலம் அப்பா அம்மாவுக்கும் புத்தகம் உண்டு, தாத்தா பாட்டிக்கும் உண்டு, பெரும்பாலும் அவர்களுடைய சொந்த மொழியில். பெரியவர்களும் உட்கார்ந்து படிப்பதால்தான் அது பண்டிகை. உங்கள் 24 பொட்டலங்களில் அத்தைக்கு என்று ஒன்றாவது இருந்ததா?

அத்தை என்ன வாசிக்கிறார் என்று தெரியுமா? டிசம்பர் மாதம், நாசரேத்துக்காரர். அநேகமாக லூக்கா இரண்டாம் அதிகாரம். அதில் குழந்தையைத் துணியில் சுற்றி ‘முன்னணை’யில் கிடத்துவார்கள். ஆறு வயதுப் பெண் அந்த வார்த்தையைக் கேட்டால் சும்மா இருப்பாளா? “ஆச்சி, முன்னணைன்னா என்ன?” என்பாள். “மாடு தீனி திங்கிற தொட்டி, அதுல போய்ப் பிள்ளையப் போட்டாக” என்று ஆச்சி சொல்லுவார். மாட்டுத் தொட்டியிலா, குத்தாதா, மாடு நக்காதா என்று அடுத்த கேள்வி வரும். ஆங்கிலப் படக்கதைகளில் வரும் புகைக்கூண்டும் பனிமானும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அவையும் இருக்கட்டும். ஆனால் மாடு உங்கள் தெருவிலேயே நிற்கிறது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நீங்கள் அறைக்குள் வைத்துச் சாத்தினீர்கள்.

எங்கள் வீட்டில் பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் அம்மா முந்திரிக்கொத்து உருட்ட உட்காருவார். பாசிப்பயறு மாவு, பாகு, இரண்டு கையும் பிசுபிசுப்பு. அதனால் அக்கா வாசிக்க வேண்டும், நாங்கள் உருட்டிக்கொண்டே கேட்க வேண்டும். வருஷா வருஷம் அதே அதிகாரம்தான். அக்கா ஒரு வரியை விட்டுவிட்டால் தம்பி கத்துவான். அந்த பைபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. மேஜையில் வைத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில்தான் திறக்கும், அவ்வளவு எண்ணெய்க் கறை. பிள்ளைகளுக்கு 24 கதை ஒவ்வொரு தடவை வேண்டியதில்லை. ஒரே கதை 24 தடவை கிடைத்தாலும் சலிக்காது, சொல்கிற ஆள் பிடித்தவராக இருந்தால்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அத்தையிடம் போய், “கதவைச் சாத்தினது தப்பு அத்தை” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. அவருக்குக் காது மந்தமா, விளக்கு வெளிச்சம் போதுமா என்றும் பாருங்கள். சத்தமாக வாசிப்பதற்குக் காரணம் இருக்கலாம். இதையெல்லாம் உங்கள் கணவர் எப்போதோ கவனித்திருக்க வேண்டும். பெற்ற தாயின் அறைக் கதவு தினம் ராத்திரி சாத்தப்படுகிறது, மகன் கண்ணில் படவில்லை. இந்தப் பதிலை அவரிடமும் காட்டுங்கள்.

போன வருஷப் புத்தகங்களில் பிள்ளைகள் இரண்டாம் தடவை எடுத்த நாலைந்தை வைத்துக்கொண்டு மீதியைச் சண்டே ஸ்கூலுக்குக் கொடுத்துவிடுங்கள். 24-ஆம் தேதி ராத்திரி, விடியற்காலை ஆராதனைக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று அவசரப்படுத்தாமல், ஹாலில் அத்தைக்கு நாற்காலி போடுங்கள். அவர் வாசித்து முடித்ததும் மகனிடம் ஓர் ஆங்கிலப் படக்கதையைக் கொடுத்து ஆச்சிக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். திக்குவான், திக்கட்டும். ‘ரெய்ண்டீரு’க்குத் தமிழில் என்ன என்று யோசிப்பான். அது எந்த ஊர் மாடு என்று ஆச்சி கேட்பார்.

எதையாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் அத்தைக்கு ஒரு பெரிய எழுத்து பைபிள் வாங்குங்கள். உங்களுக்கும் கணவருக்கும் ஆளுக்கொரு புத்தகம். அதையும் கலர் பேப்பரில் சுற்றி வையுங்கள்.