தலையணைக்கடியில் செருப்பு

வணக்கம் சார்,

மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். மனச்சிதைவு நோயோடு எங்கள் வார்டில் இருக்கும் ஓர் இளைஞர், “வீட்டில் என்னைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது” என்று சொல்லிவிட்டார். அவருடைய அம்மா தினமும் தாழ்வாரத்தில் மறித்துக் கேட்கிறார். “டாக்டரைக் கேளுங்கள்” என்று நழுவிவிடுகிறேன். இது சரியா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அந்த இளைஞரின் பேச்சை மீறாதீர்கள். ஆனால் அவர் தடுத்தது நீங்கள் சொல்வதைத்தான். அம்மா சொல்வதைக் கேட்கக்கூடாது என்று சொல்லவில்லையே.

என் அண்ணனுக்கும் இதே நோய். செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுக்க ஆரம்பித்தால், பத்துப் பதினைந்து நாளில் மறுபடி குரல்கள் கேட்கும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த கணக்கு இது. ஆஸ்பத்திரியில் சொல்ல வாயெடுப்பாள்; யாரும் நிற்கமாட்டார்கள். ஒரு நர்ஸ் மட்டும் உட்காரவைத்துக் கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதினார். அடுத்த தடவை செருப்பு இடம் மாறிய அன்றே போன் செய்தோம். மாத்திரை அளவை மாற்றியதோடு போயிற்று, அட்மிஷன் இல்லை.

(அந்த அம்மா சொல்வதை மகனும் அறிய நேரலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

நோயைப் பற்றிப் பொதுவாகப் பேசுவதும் ரகசியத்தை உடைப்பதாகாது. முக்கியமாக, “உங்கள் வளர்ப்பால் வந்ததல்ல” என்று சொல்லுங்கள். 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர் இந்நோய்க்குத் தாயைக் காரணமாக்கி எழுதினார். ஆராய்ச்சி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. அம்மாக்கள்தான் இன்னும் சுமக்கிறார்கள்.

குறை சொல்வதும், கண்ணை விட்டு அகலாமல் பொத்திப் பொத்திப் பார்ப்பதும் மிகுந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று 1976-ல் கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். இதையும் பழியாகவே வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: அத்தகைய வீடுகளிலும், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வீட்டாரோடு முகம் பார்த்திருந்த நோயாளிகளுக்கு நோய் திரும்புவது குறைந்திருந்தது. ஆகவே அந்த அம்மா தினமும் சில மணி நேரம் வெளியே போய்வந்தால் மகனுக்கும் நல்லதுதான். இதை நீங்கள் சொன்னால்தான் போவார், தானாகப் போகமாட்டார்.

அந்த இளைஞரிடமும் ஒரே தடவை கேட்டு விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் தெளிந்தபின் துண்டு துண்டாகக் கேளுங்கள். “எல்லாவற்றையும் சொல்லட்டுமா” என்றால் மறுப்பவர்கள்கூட, “டிஸ்சார்ஜ் தேதியை மட்டும் சொல்லட்டுமா” என்றால் தலையாட்டிவிடுவதுண்டு.