போகிமான் முதலிடம் என்றால் லாபத்திலும் முதலிடமா?

கேள்வி: அதிகம் சம்பாதித்த கற்பனைத் தொடர்களின் பட்டியல்களில் ஸ்டார் வார்ஸ், மார்வெல் எல்லாவற்றையும் முந்தி போகிமான் நிற்கிறது. அதன் படங்கள் அப்படியொன்றும் வசூலைக் குவிக்கவில்லையே? கல்லூரி ப்ராஜெக்டுக்காக நான்கு ஃபிரான்சைஸ்களை ஒப்பிட வேண்டும். எந்த எண்ணை எடுப்பது? லாபத்தை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: அந்தப் பட்டியல்களில் 'வருமானம்' என்று போட்டிருப்பதில் பெரும்பகுதி, கடைகளில் வாடிக்கையாளர்கள் கொடுத்த பணம். தொடரின் உரிமையாளரின் கைக்கு அதில் ஒரு சிறு துண்டுதான் போகிறது. டிக்கெட் வசூல், வீடியோ கேம் விற்பனை, பொம்மை விற்பனை மூன்றையும் ஒரே கூட்டலில் போடுவதால்தான் குழப்பம்.

கடையில் 20 டாலருக்கு விற்கும் ஒரு பொம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதை ஏறக்குறைய 10 டாலருக்கு வாங்கியிருப்பார். ராயல்டி, அதாவது பெயரையும் உருவத்தையும் பயன்படுத்த உரிமையாளருக்குத் தரும் பங்கு, அந்த 10 டாலர்மீதுதான் கணக்காகும். விகிதம் வழக்கமாக 5 முதல் 15 சதவீதம். 10 சதவீதம் என்று வைத்தால் உரிமையாளருக்கு 1 டாலர். பட்டியலோ 20 டாலரை ஏற்றிக்கொள்கிறது.

ஆனால் அந்த 1 டாலரை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பொம்மைக்கு அச்சு செய்வது, சரக்கு தேங்கினால் நஷ்டப்படுவது எல்லாம் தயாரிப்பாளர் பாடு. விற்றாலும் விற்காவிட்டாலும் இவ்வளவு என்று மினிமம் கேரண்டியும் பெரும்பாலும் முன்கூட்டியே பேசப்பட்டிருக்கும். உரிமையாளருக்கு மாதிரியைச் சரிபார்க்கும் குழுவும் வக்கீல் செலவும்தான். மீதி ஏறக்குறைய முழுக்க லாபம்.

சினிமாவில் கணக்கு வேறு. டிக்கெட் வசூலில் ஸ்டுடியோவுக்கு வருவது அமெரிக்காவில் சுமார் பாதி, பிற நாடுகளில் சுமார் 40 சதவீதம், சீனாவில் சுமார் 25 சதவீதம். இதிலிருந்துதான் தயாரிப்புச் செலவையும் விளம்பரச் செலவையும் எடுக்க வேண்டும். 20 கோடி டாலரில் எடுத்த படம் திரையரங்கிலேயே முதலை மீட்க 50 கோடி வசூலாக வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இது கைக்கணக்கு, விதி அல்ல.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2006இல் வந்த 'கார்ஸ்' படத்தின் உலக வசூல் சுமார் 46 கோடி டாலர். இரண்டாம் பாகம் வந்த 2011க்குள் அதன் பொம்மைகளும் பிற பொருட்களும் கடை விலையில் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலருக்கு விற்றதாகச் செய்திகள் வந்தன. மேலே சொன்ன கணக்கில் (பாதி, அதில் 10 சதவீதம்) ராயல்டி 50 கோடி. ஸ்டுடியோவின் டிக்கெட் பங்கைப்போல இரு மடங்குக்கும் மேல்! 290 கோடியைத் தாண்டி வசூலித்த 'அவதார்' பொம்மைக் கடைகளில் அந்த வேகத்தைக் காட்டவில்லை. பிரபலமும் லாபமும் பிரியும் இடம் இதுதான்.

ப்ராஜெக்டுக்கு ஓர் எக்ஸெல் தாள் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே நான்கு விவரங்களை எழுதுங்கள்: எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை, யார் வெளியிட்டது, எந்த நிலையில் எடுத்த எண் (கடை விலையா, மொத்த விற்பனையா, உரிமையாளர் வருவாயா), பணம் யாருக்குப் போகிறது. நான்காவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஸ்பைடர்மேன் படங்களின் உரிமை சோனியிடம். பொருட்களின் உரிமை, 2011 ஒப்பந்தத்துக்குப் பின் முழுக்க டிஸ்னியின் மார்வெலிடம். இரண்டையும் கூட்டினால் வரும் தொகை எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இருக்காது. ஸ்பைடர்மேனைத் தனியாகவும், மார்வெலுக்குள் இன்னொரு முறையும் எண்ணிவிடுவது அடுத்த பிழை. மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) புத்தகங்களுக்குச் சொல்லும் 'புழக்கத்தில் உள்ள பிரதிகள்' அச்சிட்ட எண்ணிக்கை. அத்தனையும் விற்றதாகக் கொள்ளாதீர்கள். பில்லியன் என்பது 100 கோடி என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பூச்சியம் விடுபட்ட தாள்கள் ஏராளம்.

லைசென்ஸ் குளோபல் இதழ் ஆண்டுதோறும் வெளியிடும் உரிமையாளர் பட்டியல் முழுக்கக் கடை விலைக் கணக்கு. பிரபலத்தை அளக்க அது போதும், லாபத்துக்கு உதவாது.

லாபத்துக்கு ஆண்டறிக்கைதான். ஒரு தனிப் படத்தின் லாப நஷ்டத் தாள் கையில் கிடைத்தால்கூட நம்பிவிடாதீர்கள். 2010இல் வெளியே கசிந்த ஒரு தாளில், 93 கோடி டாலருக்கு மேல் வசூலித்த ஐந்தாவது ஹாரி பாட்டர் படம் 16.7 கோடி நஷ்டம் என்று இருந்தது. விநியோகக் கட்டணம், வட்டி என்று ஸ்டுடியோ தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் செலவுகள் அப்படிச் செய்யும்.

ஜப்பானின் பொம்மை, கேம் நிறுவனமான பண்டாய் நாம்கோ தன் நிதியறிக்கையில் டிராகன் பால், குண்டம், ஒன் பீஸ் என்று தொடர்வாரியாக விற்பனையைக் காட்டுகிறது. அது அந்த நிறுவனத்தின் விற்பனை மட்டும் என்று அடிக்குறிப்பு போடுங்கள். போகிமான் கம்பெனி பங்குச்சந்தையில் இல்லை. ஆனால் அதன் நிகர லாபம் ஜப்பான் அரசிதழில் வெளியாகிறது. போகிமான் கேம்களை வெளியிடும் நின்டெண்டோ தன் கணக்கில் எழுதும் கேம் லாபம் அதில் சேராது.

நான்கில் ஒன்றாக ஹலோ கிட்டியைச் சேர்க்கலாம். 1974இல் பொருட்களில் போடுவதற்கென்றே வரைந்த உருவம் அது, சினிமா வசூல் வந்து கணக்கைக் குழப்பாது. உரிமையாளரான சான்ரியோ பங்குச்சந்தை நிறுவனம் என்பதால் வருவாய், லாபம் இரண்டும் அறிக்கையிலேயே கிடைக்கும். அதே நிறுவனத்தின் மற்ற பாத்திரங்களும் அந்தத் தொகைக்குள் இருப்பதால், அதை ஹலோ கிட்டியின் பெயரில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.