கிளியரன்ஸுக்குத் தமிழ் என்ன?

கேள்வி: செக் கிளியரன்ஸ், ஸ்டாக் கிளியரன்ஸ், போலீஸ் கிளியரன்ஸ் என்று எங்கே போனாலும் கிளியரன்ஸ். தமிழில் என்ன என்று பேரன் கேட்கிறான். ஒரே சொல்லில் சொல்ல முடியுமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: ஒரே சொல் கிடையாது அம்மா, தேடவும் வேண்டாம். அந்த இடத்தில் எது விலகுகிறது என்று பேரனைப் பார்க்கச் சொல்லுங்கள், சொல் தானாக வரும்.

ஜவுளிக்கடையில் விலகுவது பழைய சரக்கு. அதற்குத்தான் ஆடித் தள்ளுபடி இருக்கிறதே! செக்குக்கு, 'பாஸ் ஆயிடுச்சா?' என்று கேட்கிறோம். எழுதும்போது காசோலைத் தீர்வு. போலீஸ் விஷயத்தில் விலகுவது சந்தேகம். அதைப் போய் 'காவல்துறை அனுமதி' என்று எழுதுகிறார்களே, அது தப்பு. அங்கே யாரும் எதையும் அனுமதிப்பதில்லை, உங்கள் மேல் வழக்கு இல்லை என்று சான்று தருகிறார்கள். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டுவதால் வரும் வினை இது.

பேரன் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பாபநாசத்தில் ஒரு பட்டறையில், சின்ன வயதில் ஆயில் எஞ்சின் பழுது பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேல்மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றை மேஸ்திரி செருகுவார். அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும், ஆனால் லேசாகப் பிடிக்கவும் வேண்டும். அந்த நூலளவு இடம்தான் டேப்பட் கிளியரன்ஸ். சூடேறினால் வால்வு நீளும். இடம் விடாவிட்டால் வால்வு சரியாக மூடாது, அழுத்தம் கசிந்து எஞ்சின் இழுக்காது. இதற்கு 'இடைவெளி' போதும்.

அப்புறம் நம் வாய்க்கால். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் மண்ணும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் போனால்தான் கடைமடைக்குத் தண்ணீர். அது தூர் வாருதல். இந்தச் சொல்லை விட்டுவிட்டு 'சில்ட் கிளியரன்ஸ்' என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

வைக்கோல் லாரி ரயில் பாலத்துக்கு அடியில் நுழையும்போது பேரனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, 'முட்டுமா?' என்பார். பின்னால் நின்று பார்க்கும் கிளீனர், 'வாங்கண்ணே, ஒரு சாண் இருக்கு' என்பார்.