லண்டன் வீட்டில் நானே வயரிங் செய்தேன், இப்போது விற்க முடியவில்லை

கேள்வி: கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. வயர்மேன் படித்து எட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். 2016-ல் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கினோம். 2024 ஏப்ரலில் பழைய ஃபியூஸ் போர்டைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினேன். அதற்காக மீட்டர் பக்கத்து மெயின் ஃபியூஸையும் நானேதான் உருவினேன். மாடி பாத்ரூமில் எலக்ட்ரிக் ஷவர் வைத்து, அதற்குத் தனி லைன் இழுத்தேன். சமையலறை லைனிலிருந்து தோட்டத்து ஷெட்டுக்கு ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தேன். இப்போது வீட்டை விற்கிறோம். வாங்குபவரின் சோலிசிட்டர் (வழக்கறிஞர்) எல்லாவற்றுக்கும் சர்டிபிகேட் கேட்கிறார். 150 பவுண்டு கொடுத்தால் எழுதித் தருவதாக ஒரு எலக்ட்ரீஷியன் சொல்கிறார். நான் செய்தது குற்றமா? படிவத்தில் ‘தெரியாது’ என்று போட்டுவிடலாமா? லூட்டனில் வாடகைக்கு விட்டிருக்கும் தன் வீட்டுக்கும் வயரிங் செய்து தரச் சொல்கிறார் மச்சான். செய்யலாமா? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: சட்டத்துக்கு வருவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் மூன்றாவது படத்தில், ஷவருக்கான கயிறு ஸ்விட்சின் வெள்ளை மூடி ஒரு ஓரத்தில் பழுப்பேறியிருக்கிறது. நான் எலக்ட்ரீஷியன் இல்லை. ஆனால் வீடு விற்பனை வழக்குகளில் இந்த மாதிரிப் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 9.5 கிலோவாட் ஷவர் கிட்டத்தட்ட 40 ஆம்பியர் இழுக்கும். உள்ளே ஒரு திருகு கொஞ்சம் தளர்ந்திருந்தாலே போதும், அந்த இடம் சூடேறும். இது நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. போர்டில் அந்த லைனை இன்றே அணைத்துவிடுங்கள். ஆள் வந்து பார்க்கும்வரை வீட்டில் எல்லோரும் வாளியில் மொண்டு குளிக்கட்டும்.

சரி, குற்றமா என்று கேட்டீர்கள். சொந்த வீட்டில் வயரிங் செய்யக்கூடாது என்று இங்கிலாந்தில் சட்டம் இல்லை. கட்டட விதிகளின் ‘பார்ட் பி’ 2005 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது கேட்பது இரண்டு. ஒன்று, எந்தச் சின்ன வேலையானாலும் யாருக்கும் தீயோ ஷாக்கோ நேராதபடி இருக்க வேண்டும். இரண்டு, குறிப்பிட்ட சில வேலைகளைக் கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2013 ஏப்ரலில் இந்தப் பட்டியலைச் சுருக்கினார்கள். இப்போது இங்கிலாந்தில் தெரிவிக்க வேண்டியவை புது சர்க்யூட் போடுவது, ஃபியூஸ் போர்டை மாற்றுவது, குளியல் தொட்டி அல்லது ஷவரை ஒட்டிய பகுதியில் ஏற்கெனவே இருக்கும் சர்க்யூட்டில் கைவைப்பது ஆகியவைதான். நீச்சல் குளமும் சானாவும் இருக்கும் அறைகளும் இதில் சேரும்.

உங்கள் வேலைகளை இதில் பொருத்திப் பாருங்கள். போர்டு மாற்றியதும் ஷவர் லைனும் தெரிவித்திருக்க வேண்டியவை. ஷெட்டுக்குப் போன பிளக் பாயின்ட் பழைய சர்க்யூட்டின் நீட்டிப்புதான், அதற்கு அறிவிப்பு தேவையில்லை. இதே பாயின்ட்டை நீங்கள் வேல்ஸில் உள்ள கார்டிஃபில் போட்டிருந்தால் தெரிவித்திருக்க வேண்டும். வேல்ஸ் பழைய பட்டியலையே வைத்திருக்கிறது, சமையலறையும் வீட்டுக்கு வெளியே செய்யும் வேலையும் அதில் உண்டு. ஸ்காட்லாந்துக்கு முறையே வேறு.

கோயம்புத்தூர் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தத் தகுதியை வைத்து இங்கே உங்கள் வேலைக்கு நீங்களே சான்று கொடுக்க முடியாது. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவு செய்தவர்களுக்குத்தான் அந்த அதிகாரம். மற்றவர்கள் வேலை தொடங்குமுன் கவுன்சிலிடம் விண்ணப்பிக்கலாம். அல்லது, தொடங்குமுன்பே பதிவு பெற்ற மூன்றாம் நபர் ஒருவரைச் சோதித்துச் சான்று தர அமர்த்திக்கொள்ளலாம். இரண்டு வழியிலும் ‘தொடங்குமுன்’ என்பதுதான் முக்கியம். உங்களிடம் விட்டுப்போனது அந்த ஒரு படிதான்.

‘எல்லாம் நன்றாக எரிகிறதே, காகிதம் எதற்கு’ என்று என்னிடம் கேட்காத கட்சிக்காரர் குறைவு. இங்கிலாந்து வீடுகளில் பிளக் பாயின்ட்கள் பெரும்பாலும் வளைய சர்க்யூட்டில் இருக்கும். போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. கேபிள் கிளம்பி, வீட்டைச் சுற்றிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பும், 32 ஆம்பியர் பிரேக்கருக்கு. நடுவில் எங்காவது அது அறுந்தாலும் எல்லா பிளக்கும் வேலை செய்யும். ஆனால் இரண்டு பக்கமும் பகிர வேண்டிய சுமை ஒரே பக்கத்தில் ஏறிவிடும், பிரேக்கரும் விழாது. மீட்டர் வைத்துச் சோதித்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. நிறமும் அப்படித்தான். நம் ஊர் மூன்று ஃபேஸ் வயரிங்கில் நீலம் ஒரு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். இங்கே புது வயரிங்கில் நீலம்தான் நியூட்ரல், பழுப்பு ஃபேஸ். 2006-க்கு முந்தைய வயரிங்கில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். உங்கள் வீட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். உங்களுக்குப் புரிந்திருக்கலாம், அடுத்து அந்தப் போர்டைத் திறப்பவருக்கும் அது புரியும்படி எழுத்தில் இருக்க வேண்டும்.

2004-ல் ஜென்னி டோங் பிரிட்டிஷ் எம்.பி.யாக இருந்தார். அந்த வருடம் அவருடைய மகள் தன் சமையலறையில் மின்சாரம் தாக்கி இறந்தார். சுவருக்குள் கேபிளை நேராக இறக்காமல் குறுக்காக இழுத்திருந்தார்கள். கரண்டி மாட்டும் உலோகச் சட்டத்தைச் சுவரில் திருகியபோது திருகு அந்தக் கேபிளில் இறங்கியிருந்தது. சுவரை வெளியிலிருந்து பார்த்தவர் யாருக்கும் உள்ளே இருந்தது தெரிந்திருக்க வழியில்லை. தொழிலில் இருப்பவர்கள் பார்ட் பி பற்றிப் பேசும்போது இன்றும் அந்தச் சாவை நினைவுகூர்கிறார்கள்.

தண்டனை பற்றிப் பயப்படுகிறீர்கள். விதிமீறல் குற்றம்தான். 2023 அக்டோபர் முதல் அதற்கான உச்ச தண்டனை வரம்பில்லாத அபராதமும் 2 வருடச் சிறையும். தவறான வேலையைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் கொடுக்கும் கால வரம்பு 1 வருடத்திலிருந்து 10 வருடமாக நீண்டது. உங்கள் வேலை 2024-ல் நடந்ததால் இந்தப் புது வரம்புக்குள் வருகிறது. ஆனாலும், தானாக வந்து ஒப்புக்கொண்டு சரிசெய்யும் வீட்டுக்காரரைக் கவுன்சில் நீதிமன்றத்துக்கு இழுத்ததை என் அனுபவத்தில் நான் கண்டதில்லை.

அந்த 150 பவுண்டு சர்டிபிகேட்டைத் தொடாதீர்கள். ஒருவர் தான் செய்யாத வேலையைத் தான் செய்ததாகப் பதிவு செய்ய அந்த அமைப்புகளின் திட்டத்தில் இடமில்லை. அவர் கொடுப்பது பொய்ச் சான்று. அதை நீங்கள் வாங்குபவரிடம் நீட்டினால், அறிவிக்காமல் விட்ட குறை ஏமாற்று வேலையாக மாறிவிடும். இதுவரை உங்கள் பக்கம் நேர்மை இருக்கிறது. அதை 150 பவுண்டுக்கு விற்காதீர்கள்.

‘தெரியாது’ என்றும் போடக்கூடாது. விற்பவர் நிரப்பும் டி.ஏ.6 படிவம், 2005 ஜனவரி 1-க்குப் பிறகு மின்வேலை நடந்ததா என்றே கேட்கிறது. வேலை செய்தவரே ‘தெரியாது’ என்று எழுதினால், 1967-ஆம் வருடத் தவறான தகவல் சட்டத்தின் கீழ் வாங்குபவர் நஷ்டஈடு கேட்கலாம், ஒப்பந்தத்தையே ரத்து செய்யவும் கோரலாம். இன்னொன்று பலருக்கும் தெரியாது. 1972-ஆம் வருடத்துக் குறைபாடுள்ள கட்டடங்கள் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, வீட்டில் வேலை செய்தவருக்கு உள்ள கவனக் கடமை வீட்டை விற்றதால் தீர்ந்துவிடாது. சாவியைக் கொடுத்த பிறகு அந்த ஷவரில் யாருக்காவது ஷாக் அடித்தாலும் கேள்வி உங்களிடம் வரும்.

இனி, வழி. வாங்குபவர் தரப்பு ‘இன்டெம்னிட்டி பாலிசி எடுத்துக் கொடுங்கள், முடித்துவிடலாம்’ என்று சொல்லக்கூடும். இது ஒரு வகை இழப்பீட்டுக் காப்பீடு. விலை குறைவு, ஒரே நாளில் கிடைக்கும். ஆனால் அது ஈடுகட்டுவது கவுன்சில் நடவடிக்கையால் வரும் இழப்பைத்தான். ஷாக்கையோ தீயையோ ரிப்பேர் செலவையோ அது தொடாது. கவுன்சிலிடம் நீங்கள் ஏற்கெனவே இதைப் பற்றிப் பேசியிருந்தால் பொதுவாக அந்தப் பாலிசியே கிடைக்காது. அதனால் கவுன்சிலுக்கு ஃபோன் போடுமுன் உங்கள் சோலிசிட்டரிடம் எந்த வழி என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பாலிசி வேண்டாம். படத்தில் உள்ள ஸ்விட்சைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து முழு வீட்டையும் சோதித்து, வயரிங்கின் நிலையைச் சொல்லும் இ.ஐ.சி.ஆர். அறிக்கை வாங்குங்கள். நீங்கள் மாட்டிய போர்டு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. 2016 ஜனவரியிலிருந்து வீடுகளில் புதிதாகப் போடும் போர்டுக்குத் தீப்பிடிக்காத பெட்டி, நடைமுறையில் உலோகப் பெட்டி, வேண்டும் என்பது வயரிங் விதி. அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுபவர் தன் வேலையைத் தானே பதிவு செய்து 30 நாளுக்குள் சான்று கொடுத்துவிடுவார், போர்டு பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஷவர் லைனுக்குக் கவுன்சிலிடம், அறிவிக்காமல் முடித்த வேலையைப் பின்னால் முறைப்படுத்தும் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். கட்டணம் உண்டு, சில இடங்களில் சுவரைத் திறந்து காட்டச் சொல்வார்கள். கேபிளை அடியோடு புதிதாகப் போட்டுவிடுவது மலிவா என்று அதே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வாங்குபவரிடம் ‘இத்தனை வாரத்தில் சான்று வரும்’ என்று எழுத்தில் சொல்லுங்கள். காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

மெயின் ஃபியூஸ் விஷயம் தனி. அந்தப் பெட்டியும் அதன் சீலும் மின் விநியோக நிறுவனத்தின் சொத்து, வீட்டுக்காரர் கைவைக்க உரிமையில்லை. சீல் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லி மறுபடி போடச் சொல்லுங்கள்.

மச்சான் வீட்டுக்கு வேண்டாம். அது வாடகை வீடு. 5 வருடத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதித்த அறிக்கை வைத்திருக்க வேண்டும், அதன் நகலைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் கவுன்சில் பெரிய அபராதம் போடும். அங்கே குடியிருப்பவர் குடும்பத்துக்கு ஏதாவது ஆனால் மச்சானோடு நீங்களும் எதிராளி. உறவுக்காகச் செய்தேன் என்பது பதிலாகாது.

வேறு நாட்டில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியாவில், உதாரணமாக குயின்ஸ்லாந்தில், உரிமம் இல்லாமல் சொந்த வீட்டு வயரிங்கிலும் கைவைக்க முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் தானே செய்யலாம், ஆனால் அங்குள்ள மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து, அவர்கள் ஆள் வந்து பார்க்க வேண்டும். நியூசிலாந்தில் ஸ்விட்ச், பிளக் பாயின்ட் மாற்றுவது போன்ற சில வேலைகளை மட்டும் நிபந்தனைகளோடு வீட்டுக்காரருக்கு விட்டிருக்கிறார்கள்.

சோலிசிட்டரைப் பார்க்கப் போகும்போது 2024-ல் வாங்கிய போர்டு, கேபிள் ரசீதுகளையும் சுவர் திறந்திருந்தபோது எடுத்த படங்களையும் கொண்டு போங்கள். முறைப்படுத்தும் விண்ணப்பத்தில் அந்தப் படங்கள் கைகொடுத்தால் டைல்ஸை உடைக்காமலே தப்பலாம்.