பட்டன் இருக்கு, ஆனா யாரும் அமுக்க மாட்டேங்குறாங்க: சின்ன கடைக்காரங்க கேட்ட கேள்விகள்

கேள்வி: பாண்டிச்சேரி ஒயிட் டவுன்ல நாலு ரூம் வெச்சு கெஸ்ட் ஹவுஸ் நடத்துறேன். எங்க வெப்சைட்ல சுவர் கலருக்கு மேட்ச்சா மஞ்ச பட்டன், அதுல வெள்ளை எழுத்துல 'சப்மிட்'னு இருக்கு. பாக்க அழகாத்தான் இருக்கு, ஒருத்தரும் அமுக்கல.

சார், அந்த மஞ்ச சுவருக்குத்தான் அழகு, மஞ்ச மேல வெள்ளை எழுத்து கண்ணுக்கே படாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5:1 இருக்கணும்னு, வெப்சைட்டை எல்லாரும் பயன்படுத்த முடியணும்னு போட்ட டபிள்யூ.சி.ஏ.ஜி விதி சொல்லுது, பெரிய எழுத்துன்னா 3:1 போதும். மஞ்சளை மாத்த வேணாம், எழுத்தை மட்டும் கருநீலமாக்குங்க.

அதவிட பெரிய தப்பு 'சப்மிட்'. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைலேர்ந்து ஈ.சி.ஆர்ல கிளம்பலாமான்னு யோசிக்கிற குடும்பத்துக்கு தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ரூம் இருக்கா இல்லையா. அப்போ பட்டன்லயும் அதையே போடுங்க: 'இந்த வாரம் ரூம் இருக்கான்னு பாருங்க'. 'புக் நவ்'னு போட்டா உடனே கார்டு நம்பர் கேப்பாங்களோன்னு தயங்குறவங்க நிறைய பேர், அதனால அட்வான்ஸ் வாங்கலன்னா பட்டனுக்கு கீழயே 'இப்ப பணம் கட்ட வேணாம்'னு ஒரு வரி சின்னதா போடுங்க. வாங்குறீங்கன்னா தயவுசெஞ்சு போடாதீங்க, அமுக்குனதுக்கு அப்புறம் வேற மாதிரி நடந்தா அந்த கஸ்டமர் திரும்பி வரவே மாட்டாரு.

கேள்வி: கடலூர்ல பண்ருட்டி முந்திரி விக்கிறேன் அண்ணே. கால், வாட்ஸ்அப், ஆர்டர், இன்ஸ்டா, யூடியூப் அஞ்சு பட்டனும் வரிசையா வெச்சிருக்கேன். எது பெருசா இருக்கணும்?

எதுக்கு நீங்க உடனே பதில் சொல்வீங்களோ அது. கடைல எடை போட்டுக்கிட்டு இருக்கும்போது ஃபோன் எடுக்க முடியாதுன்னா வாட்ஸ்அப்பையே கலர் ரொப்புன பெரிய பட்டனா வைங்க, கால் வெறும் கோடு போட்ட பட்டனா பக்கத்துல இருக்கட்டும், இன்ஸ்டாவும் யூடியூபும் பேஜ் அடில போகட்டும், வாங்க வந்தவங்களை நாமளே எதுக்கு வெளிய அனுப்பணும்?

வாட்ஸ்அப் லிங்க்ல நம்பர் 91ல ஆரம்பிக்கணும், முன்னால பிளஸ், சைபர் கூடாது, நடுவுல இடைவெளியும் கூடாது, நிறைய பேருக்கு பட்டன் வேலை செய்யாததுக்கு இதான் காரணம். லிங்க்லயே மெசேஜையும் முன்கூட்டி எழுதி வைக்கலாம்: 'முழு முந்திரி அரை கிலோ என்ன விலை?'. அவங்க அனுப்புற அம்பை மட்டும் தொட்டா போதும்.

கேள்வி: பட்டன் எவ்ளோ பெருசு?

குறைஞ்சது 44 பாயின்ட்டுன்னு ஆப்பிள் சொல்றாங்க, கூகுளோட மெட்டீரியல் டிசைன் வழிகாட்டில 48 டிபி, ரெண்டும் ஃபோன் ஸ்கிரீன் அளவு யூனிட்டுதான். ரெண்டு பட்டனுக்கு நடுவுல இடமும் விடுங்க. சில்வர் பீச்ல வெயில்ல நின்னுக்கிட்டு ஒத்த கைல கட்டைவிரலால அமுக்கி பாருங்க, சரியா இருக்கான்னு தெரிஞ்சிடும்.

கேள்வி: மஞ்சக்குப்பத்துல டெய்லரிங் கிளாஸ் எடுக்குறேன். பட்டன்ல தமிழா இங்கிலீஷா?

உங்ககிட்ட படிக்க வர்றவங்க எதுல பேசுறாங்களோ அதுலதான்மா. 'பதிவு செய்க'வை விட 'அடுத்த பேட்ச் எப்போன்னு கேளுங்க' நல்லா இருக்கும். தமிழ் எழுத்து அகலமா வரும், அதனால பட்டன் அகலத்தை ஃபிக்ஸ் பண்ணிடாதீங்க, வரி உயரமும் கொஞ்சம் கூட்டுங்க, இல்லன்னா கு, ழு மாதிரி எழுத்தோட கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுடும்.

கேள்வி: சிவப்பு பட்டனா பச்சை பட்டனா, பாதி பேருக்கு ஒண்ணு, மீதி பேருக்கு இன்னொண்ணு காட்டி எது நல்லா வேலை செய்யுதுன்னு பாக்குற ஏ/பி டெஸ்ட் பண்ணவா?

ஒரு நாளைக்கு இருபது பேர் வர்ற சைட்டுல அந்த டெஸ்ட் ஒண்ணும் சொல்லாது. கடைக்கு வர்ற அஞ்சு பேர்கிட்ட உங்க ஃபோனைக் குடுத்து 'ஒரு ஆர்டர் போட்டு காட்டுங்க'ன்னு சொல்லிட்டு வாயைத் திறக்காம பக்கத்துல நில்லுங்க, விரல் எங்க தடுமாறுதோ அந்த இடத்தை முதல்ல சரி பண்ணுங்க.