பழைய பைக்குக்கு ஆயில் கூலர்: முதலில் தெர்மாமீட்டர் வாங்குங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது முப்பது வயதைத் தாண்டிய, காற்றில் குளிரும் எஞ்சின் கொண்ட பைக். நெரிசலில் நின்று நின்று போகும்போது தொடை வரை அனல் அடிக்கிறது. எஞ்சின் சூடேறிய பிறகு நியூட்ரல் விழ மறுக்கிறது. எஞ்சின் ஆயிலை வெளியே எடுத்துக் குளிர்விக்கும் ஆயில் கூலர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். ‘எல்லா பைக்குக்கும் பொருந்தும்’ என்று விற்கும் கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் தொல்லை நெரிசலில் வருகிறது. மின்விசிறி இல்லாத கூலரோ எதிர்க்காற்று பட்டால்தான் வேலை செய்யும். சிக்னலில் நிற்கும்போது அது சூடான ஆயில் நிரம்பிய ஓர் அலுமினியப் பெட்டி, அவ்வளவுதான். கூடுதலாகப் பிடிக்கும் கொஞ்சம் ஆயில், சூடேறுவதைச் சற்றுத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. உங்கள் தொடையைச் சுடுவதும் பெரும்பாலும் ஆயில் அல்ல. சிலிண்டர் ஹெட்டும் சைலன்சர் வளைவும்தான்.

நியூட்ரல் விழாததற்குக் கிளட்ச்சைப் பாருங்கள். சூட்டில் கேபிளின் தளர்வு மாறி, பிளேட்டுகள் முழுதாகப் பிரியாமல் உரசிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். கேபிளைச் சரிசெய்வதற்குச் செலவே கிடையாது.

அடுத்தது கார்புரேட்டர். அதையும் ஹெட்டையும் இணைக்கும் ரப்பர் குழாய் வயதானால் வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைந்த கலவை எரியும், ஹெட் கொதிக்கும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்கத் தயங்குகிறதா? ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நுனி வெளுத்திருக்கிறதா? இரண்டும் ‘ஆம்’ என்றால் கூலருக்கு வைத்த பணத்தில் அந்த ரப்பரை மாற்றுங்கள். இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் ஹெட்டும் சைலன்சரும் சூடாகும். சிலிண்டர் தகடுகளுக்கு நடுவே சேறு அப்பியிருந்தால் சூடு வெளியேற வழியில்லை. அழகுக்காக அடுக்கடுக்காகப் பெயின்ட் அடித்த எஞ்சின்களுக்கும் இதே கதிதான்.

இதையெல்லாம் முடித்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் அளந்து பாருங்கள். ஆயில் ஊற்றும் மூடிக்குப் பதிலாகத் திருகிக்கொள்ளும் தெர்மாமீட்டர் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. அதன் தண்டு ஆயிலில் முங்குகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். துப்பாக்கி போன்ற அகச்சிவப்புக் கருவியை நம்பாதீர்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் உள்ளதைவிடக் குறைத்தே சொல்லும். நன்றாக ஓட்டிய பிறகு 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் ஆயில் சுகமாக இருக்கிறது. 120 தொட்டாலும் பதற வேண்டாம். 130-ஐத் தாண்டி அங்கேயே நின்றால்தான் கூலர் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: நான் பின்னால் ஆளும் சுமையும் ஏற்றி நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்டுகிறேன். கார்புரேட்டர், டைமிங் எல்லாம் சரி. ஆயில் 135 டிகிரி காட்டுகிறது. கிட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: உங்களுக்குக் கூலர் பயன்படும். காற்று வாங்கும் வேகத்தில்தானே சூடேறுகிறது. ஆனால் பெட்டியின் அழகைப் பார்க்காதீர்கள்; ஆயிலை எங்கிருந்து எடுத்து எங்கே திருப்பிவிடுகிறது என்று பாருங்கள். நல்லதும் கெட்டதும் அங்கேதான் பிரிகின்றன.

ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தட்டு வைத்து, பம்பு தள்ளும் ஆயிலைக் கூலருக்கு அனுப்பி வாங்குவது நம்பகமான முறை. உலர் சம்ப் வகை பைக்குகளில், அதாவது ஆயில் தனித் தொட்டியில் இருப்பவற்றில், எஞ்சினிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயில் கூலரை வைக்கலாம். அங்கே அழுத்தமும் குறைவு. நான் வேண்டாம் என்று சொல்வது, ஹெட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் நடுவே கூலரைச் செருகும் மலிவு கிட்களை. அந்தக் குழாயில் ஓடுவதே கொஞ்சம் ஆயில். குளிர்ச்சியும் பெரிதாகக் கிடைக்காது. தடை கூடினால், ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஆயிலுக்குத் தவிக்கும். கவாசாகி இசட்1 போல, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்ஷாஃப்டில் ரோலர் பேரிங் உள்ள எஞ்சின்கள் குறைந்த ஆயில் அழுத்தத்திலேயே ஓடுபவை. அவற்றுக்கு எந்தக் கூலரையும் அந்த மாடல் அறிந்தவரைக் கேட்காமல் மாட்டாதீர்கள். 1985-இல் வந்த சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 ஆயிலையே நம்பிக் குளிர்ந்தது உண்மைதான். ஆனால் அதற்கென்றே பம்பில் தனி அறை வைத்து வடிவமைத்தார்கள். பழைய பம்பு அந்த வேலைக்குப் பிறந்ததல்ல.

தெர்மோஸ்டாட் உள்ள கிட்டாக வாங்குங்கள். ஏறத்தாழ 80 டிகிரி வரை ஆயிலைக் கூலருக்கு விடாமல் வைத்திருப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் குளிர்ந்த காலையில் ஆயில் சூடேறவே நேரமாகும். உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து, மூடியைத் திறந்தால் அடியில் வெளிறிய கூழாக ஒட்டியிருக்கும்.

ஹோஸில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பெட்ரோல் குழாயை வெட்டி கிளிப் போட்டு இறுக்கித் தருபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஹோஸ் விட்டுப்போனால் ஆயில் போய்ச் சேருமிடம் பின் டயர். எஞ்சின் ஆயிலின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் என்று தயாரித்து, முனைகளை அழுத்தி மூடிய ஹோஸ்தான் வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன் ஃபோர்க்கை அழுத்தி, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். கூலரை ரப்பர் புஷ் வைத்து மாட்டச் சொல்லுங்கள்; அதிர்வில் அலுமினியம் விரிசல் விடும்.

பொருத்தியதும் எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்து நிரப்புங்கள். கூலரும் ஹோஸும் தங்கள் பங்கைக் குடித்திருக்கும். கிளட்ச்சும் அதே ஆயிலில் நனையும் பைக் என்றால் ‘ஜாசோ எம்ஏ’ தரக்குறி உள்ள ஆயிலையே ஊற்றுங்கள்.

கேள்வி: உடைத்து விற்கும் பைக்கிலிருந்து எடுத்த கூலர் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

பதில்: அந்த பைக் ஏன் உடைபட்டது என்று தெரியுமா? எஞ்சின் நொறுங்கி என்றால் அதன் உலோகத் துகள்கள் கூலரின் குறுகிய வழிகளில் ஒளிந்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் எல்லாம் வெளியே வராது. தங்கிவிடுபவை பிறகு உங்கள் பேரிங்குக்குள் வரும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினிலிருந்து உங்கள் கண் முன்னால் கழற்றினால் ஒழிய வேண்டாம்.

கேள்வி: புதுக் கூலர் மாட்டி ஒரு வாரத்தில் ஆயில் கசிகிறது. விற்றவர் பொருத்தியவரைக் கைகாட்டுகிறார், பொருத்தியவர் விற்றவரை. யாரைப் பிடிப்பது?

பதில்: கசிவு பிறக்கும் இடத்தைப் பிடியுங்கள். கூலரையும் ஹோஸ்களையும் கழுவித் துடைத்துக் காயவைத்து, மேலே டால்கம் பவுடரைத் தூவுங்கள். பைக்கை நிறுத்தி வைத்தபடியே எஞ்சினை ஓடவிட்டு, எந்த இடம் முதலில் கறுத்து நனைகிறது என்று படமெடுங்கள். சில நிமிடம் போனால் ஆயில் பரவிவிடும், பிறகு எதுவும் புரியாது. ஹோஸின் அழுத்திய முனையிலோ கூலரின் உடம்பிலோ நனைந்தால் பெரும்பாலும் பொருளில் குறை. மாற்றித் தர வேண்டியவர் விற்றவர். ஹோஸை எஞ்சினோடு இணைக்கும், நடுவே ஆயில் ஓடும் துளையுள்ள பான்ஜோ போல்ட்டின் வாஷரில் நனைந்தால் பொருத்தியவரைக் கேளுங்கள். பழைய செப்பு வாஷரையே திரும்பப் போட்டிருப்பார், அல்லது அளவுக்கு மீறி முறுக்கி எஞ்சின் மரையைக் கெடுத்திருப்பார். முதலாவது என்றால் புது வாஷர் போதும். இரண்டாவது என்றால் மரையைச் சீராக்கும் செலவையும் அவர்தான் ஏற்க வேண்டும். அதைப் பேசி முடிக்கும் வரை பைக்கை ஓட்டாதீர்கள்.

இனி வாங்குபவர்களுக்கு: உங்கள் பைக்கின் மாடல், ஆண்டு, மரை அளவு, ஹோஸ் தாங்கும் சூடு, அழுத்தம் ஆகியவற்றை விற்பவரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்பதை வைத்துக்கொண்டு யாரோடும் வாதாட முடியாது. உங்கள் மாடலின் பெயரைப் போட்ட பில் கையில் இருந்தால், பொருந்தாததைத் திருப்பித் தரும்போது பேச்சு சீக்கிரம் முடியும்.